பாதி போனைச் சேகரிக்கும் நண்பர்களுக்கு

செங்கல் போன் என்று நாம் அழைக்கும் பழைய பருத்த செல்போனைத் தேடுவோர், வாங்குவோர், பழுதுபார்ப்போர், அலமாரியில் வைத்து வருவோர் போவோரிடமெல்லாம் காட்டி மகிழ்வோர் அனைவருக்கும் இந்த மடல்.

நம் கூட்டம் சின்னது. சென்னையின் ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ ஒருவரையொருவர் பார்த்துவிட்டால், எங்கே கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்குச் சின்னது. அந்தக் கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நாம் சேகரிக்கும் பொருள் என்ன என்பதைப் பற்றி நமக்குள் ஒரு பேச்சு நடக்க வேண்டியிருக்கிறது. அதைத் தள்ளிப்போட இனி அதிக காலம் இல்லை.

தட்டச்சுப் பொறி வைத்திருப்பவர் நாடா மாட்டினால் தட்டலாம். பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் ஓடும். கிராமபோனுக்கு ஒரு இசைத்தட்டும் ஊசியும் போதும். செல்போன் அந்த வகையில் சேராது. அதற்கு எதிர்முனையில் ஆள் வேண்டும். அதற்கும் முன்னால், அது சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் கோபுரம் வேண்டும். கோபுரம் போய்விட்டால் கையில் மிஞ்சுவது பாதிதான். நம் அலமாரிகளில் இருக்கும் 1980களின் போன்கள் எல்லாமே பாதி போன்கள். மறுபாதியை நாம் தேடவும் இல்லை, அது காணாமல் போனதைக் கவனிக்கவும் இல்லை.

கையில் இருக்கும் பாதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவில் நின்றபடி மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் கையடக்கச் செல்போனில் முதல் அழைப்பைச் செய்தார். அழைத்தது யாரை? போட்டியாளர்களான பெல் ஆய்வகத்தின் ஜோயல் ஏங்கலை. அந்த மாதிரிக் கருவி ஒரு கிலோவுக்கு மேல் கனத்தது. விற்பனைக்குரிய வடிவம் வர மேலும் பத்தாண்டுகள் ஆயின. டைனாடேக் 8000எக்ஸ் மாடலுக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1983 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. விலை 3,995 டாலர். எடை ஏறத்தாழ 800 கிராம். 30 எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். 10 மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் அரை மணி நேரம் பேசலாம். பேட்டரி சீக்கிரம் தீர்வது ஒரு குறையே இல்லை, அதற்கு மேல் கை தாங்காது என்று கூப்பரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அது ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டால் நம்மில் பலர் பேட்டரி என்று சொல்லி நிறுத்திவிடுவோம். நிக்கல் காட்மியம் பேட்டரி பெரும் சுமைதான். ஆனால் உள்ளே இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் கால அனலாக் போன் ஒரே நேரத்தில் பேச்சை அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருக்கும். அனுப்பும் அலைக்கும் வாங்கும் அலைக்கும் இடைவெளி 45 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஆன்டெனாவில் அரை வாட்டுக்கு மேல் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே, அதே ஆன்டெனாவில் வந்து சேரும் மிக மெலிந்த சமிக்ஞையை அமுங்கிப் போகாமல் காப்பாற்ற வேண்டும். அதற்கு டூப்ளெக்சர் என்ற வடிகட்டி வேண்டும். அது இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னால் வந்த ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறைப் போன் ஒரு கணம் பேசி மறுகணம் கேட்கிறது. அந்தக் கணங்கள் மிகச் சிறியவை என்பதால் நமக்குத் தெரிவதில்லை. அனுப்புவதும் வாங்குவதும் முறை வைத்து நடப்பதால் அந்தப் பெரிய வடிகட்டியை விட்டுவிட முடிந்தது. போன் இளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, செங்கல்லின் பருமனே அது எந்தக் கோபுரத்தோடு எப்படிப் பேசியது என்பதன் பதிவுதான்.

இனி கோபுரத்தில் இருந்த பாதி. ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் தள்ளித்தள்ளி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பெல் ஆய்வகத்தில் 1947லேயே எழுதி வைக்கப்பட்டது. அமெரிக்காவில் அது வணிகச் சேவையாக 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவில் தொடங்கியது. ஆம்ப்ஸ் என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பே 1979இல் டோக்கியோவிலும், 1981இல் நார்டிக் நாடுகளிலும் அவரவர் முறையில் சேவை வந்திருந்தது.

ஆம்ப்ஸில் தொடக்கத்தில் இருந்தவை மொத்தம் 666 இரட்டைத் தடங்கள். அதை இரண்டு நிறுவனங்கள் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒவ்வொருவரிடமும் 21 தடங்கள் கட்டுப்பாட்டுக்கு. மீதி 312 பேச்சுக்கு. ஏழு வட்டாரங்களுக்கு ஒரு சுற்று என்று பங்கிட்டால், ஒரு வட்டாரத்தில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 45 பேர்தான் பேச முடியும். இந்தப் பஞ்சத்தில்தான் நாம் இன்றும் பயன்படுத்தும் ஒரு பழக்கம் பிறந்தது. வீட்டு போனில் ரிசீவரை எடுத்தவுடன் லைன் நம்முடையது. டயல் டோனைக் கேட்டுக்கொண்டு நிதானமாக எண்ணைச் சுற்றலாம். வானலையில் அப்படி ஒரு தடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து எண்ணை அழுத்த விட முடியாது. ஆகவே எண்களையெல்லாம் முதலில் கருவியே வாங்கி வைத்துக்கொள்ளும்; 'எஸ்என்டி' பொத்தானை அழுத்திய பிறகுதான் தடம் கேட்டு ஒரே மூச்சில் அனுப்பும். உங்கள் இன்றைய போனின் திரையில் இருக்கும் பச்சை வட்டம் அந்தப் பொத்தானின் பேரப்பிள்ளை.

பேச்சு தொடங்கிய பிறகும் கோபுரம் சும்மா இருக்காது. உங்கள் குரலோடு சேர்த்து 6000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு தொனியை அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் போன் அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் காதுக்கு அது வராமல் வடிகட்டிவிடுவார்கள். திரும்பி வருவது நின்றால், ஆள் வட்டாரத்தை விட்டுப் போய்விட்டார் என்று கோபுரம் அழைப்பைத் துண்டிக்கும். கார் அடுத்த வட்டாரத்துக்குள் நுழையும்போது பேச்சை ஒரு கணம் நிறுத்திவிட்டு, அதே தடத்தில் ஒரு கட்டளையை அனுப்பி, போனை வேறு தடத்துக்கு மாற்றும். பேசுபவருக்கு நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஓரத்துக்குப் போகப் போகக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சலில் கரையும். இன்றைய போனில் போல வார்த்தைகள் துண்டு துண்டாக அறுந்து விழாது. இரைச்சலைக் கேட்டே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவும் நம் அலமாரியில் இல்லை. ஒரு டைனாடேக்கை எடுத்துக் காதில் வைத்தால் கனம் தெரியும், பொத்தானின் அழுத்தம் தெரியும், சிவப்பு எல்இடி எண்கள் தெரியும். அந்தத் தொனியும் அந்த 'டக்'கும் அந்த இரைச்சலும் தெரியாது. சீனாவில் அனலாக் சேவை 2001 முடிவில் நின்றது. அமெரிக்காவில் அனலாக்கை நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2008 பிப்ரவரி 18 அன்று முடிந்தது. பெரிய நிறுவனங்கள் அன்றே இழுத்து மூடின. அதை நம்பியிருந்த வீட்டு அலாரங்களும் கார்களின் அவசர உதவிக் கருவிகளும் அன்றோடு ஊமையாயின.

அடுத்ததாக, கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம். நாம் ஏங்குவது யாருடைய நினைவுக்காக?

நம்மில் பெரும்பாலோர் டைனாடேக்கில் பேசியவர்கள் இல்லை. பேசியவரைப் பார்த்தவர்கள்கூட இல்லை. 1987இல் வந்த 'வால் ஸ்ட்ரீட்' படத்தில் மைக்கேல் டக்ளஸ் கடற்கரையில் நடந்துகொண்டு அதில் பேசியதைப் பார்த்திருக்கிறோம். அந்த வருடம்தான் நோக்கியா மரபில் வந்த மொபிரா சிட்டிமேனும் வந்தது. 1989இல் ஹெல்சிங்கி வந்த கோர்பச்சேவ் அதில் மாஸ்கோவுக்குப் பேசிய படம் உலகெங்கும் வெளியாகி, பின்லாந்துக்காரர்கள் அந்தப் போனுக்கு 'கோர்பா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1985 ஜனவரியில் பிரிட்டனில் சேவை தொடங்கியபோது வோடஃபோன் கொடுத்த 'தூக்கிச் செல்லக்கூடிய' போன் ஏறக்குறைய 5 கிலோ. இவையெல்லாம் அவர்களுடைய நினைவுகள். நமக்குத் திரைப்படமும் பத்திரிகைப் படமும் வழியாகக் கைமாறி வந்தவை. அதில் தவறு ஒன்றும் இல்லை. கைமாறி வந்தது என்ற நினைப்பு இருந்தால் போதும்.

தமிழ் பேசுவோரில் அனலாக் செங்கல்லை உண்மையிலேயே தூக்கித் திரிந்தவர்கள் உண்டு. மலேசியாவில் 1985இலேயே ஆட்டூர் 450 என்ற சேவை வந்துவிட்டது. இலங்கையில் 1989இல் செல்டெல் தொடங்கியது. தெற்காசியாவின் முதல் செல்லுலர் சேவை அதுதான், அதுவும் அனலாக். கொழும்பிலோ கோலாலம்பூரிலோ அந்தக் காலத்தில் வியாபாரம் செய்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ உங்களுக்கு இருந்தால், அவர் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் தேடுங்கள். அங்கே கிடைப்பது, ஏலத்தில் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் டைனாடேக்கைவிட நமக்கு மதிப்பு மிக்கது.

இந்தியாவில் அனலாக் செல்போன் சேவை வரவே இல்லை. இங்கே கதை நேராக ஜிஎஸ்எம்மில் தொடங்குகிறது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியில் சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதே ஆண்டில் சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலர் என்ற இரு நிறுவனங்கள் வந்தன. நிமிடத்துக்கு உச்ச நேரக் கட்டணம் 16 ரூபாய் 80 காசு. பேசினாலும் காசு, நம்மை யாராவது அழைத்தாலும் காசு. சட்டைப் பையில் பேஜர், பேஜரில் செய்தி வந்தால் தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஓட்டம் என்று இருந்த காலம் அது. போன் வைத்திருந்தவர்களும் திரையில் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் பூத்துக்குப் போய்த் திருப்பி அழைப்பார்கள். உள்வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்ற நிலை 2003 மே மாதம்தான் வந்தது. தொண்ணூறுகளின் தமிழ்ப் படங்களில் ஆன்டெனாவை இழுத்துவிட்டுப் பேசும் பணக்கார அப்பாவை நினைத்துப் பாருங்கள். நம்முடைய செங்கல் போன் அவர் கையில் இருந்ததுதான். டைனாடேக்கைவிட இளைத்தது, ஆனாலும் சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒருபக்கமாய்ச் சாய்ந்துவிடும்.

இவ்வளவு சொன்னதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனலாக் பேச்சுக்கு எந்தப் பூட்டும் கிடையாது. ஒரு ரேடியோ ஸ்கேனர் வைத்திருந்தால் ஊரார் பேசுவதையெல்லாம் கேட்கலாம். 1996 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற அவைத் தலைவர் நியூட் கிங்ரிச்சும் அவர் கட்சித் தலைவர்களும் நடத்திய கூட்டு உரையாடலை, புளோரிடாவில் காரில் வந்துகொண்டிருந்த, அவர்களில் ஒருவரான ஜான் பேனரின் செல்போன் வழியாக ஒரு தம்பதியர் ஸ்கேனரில் பிடித்துப் பதிவு செய்துவிட்டார்கள். அது பத்திரிகையில் வந்து, வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. போதாததற்கு, போன் தன் அடையாள எண்ணை ஒவ்வொரு அழைப்பின்போதும் திறந்த வெளியில் சொல்லிக்கொண்டே போகும். அதைப் பிடித்து வேறொரு போனில் எழுதினால் இவர் பில்லில் அவர் பேசலாம். அமெரிக்க நிறுவனங்கள் டிஜிட்டலுக்கு ஓடியதில் இந்தத் திருட்டுக்கும் பங்கு உண்டு. ஏக்கத்தோடு இதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் நாம் காப்பது வரலாறாக இராது, விளம்பரமாகப் போய்விடும்.

இன்று செங்கல்லை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு நம் கூட்டத்தில் மூன்று வழிகள் ஓடுகின்றன. மூன்றைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, வயிற்றைக் கிழிப்பது. உள்ளே இருக்கும் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு புளூடூத் சில்லோ புது மாட்யூலோ வைத்து, வெளி ஓட்டில் பேசுவது. பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் எறியப்பட்ட அந்தப் பலகையில்தான் டூப்ளெக்சர் இருந்தது, 6000 ஹெர்ட்ஸ் தொனியைத் திருப்பி அனுப்பும் சுற்று இருந்தது. ஓடு மட்டும் வேண்டுமென்றால் உடைந்த போன், பலகை கருகிய போன், பொம்மைப் பிரதி என்று எவ்வளவோ கிடைக்கும். அவற்றில் உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள். உயிரோடு இருக்கும் பலகையை மட்டும் தொடாதீர்கள். ஏற்கெனவே பிடுங்கியவர்கள் அதை வீசாமல் ஓர் உறையில் போட்டு, எந்தப் போனிலிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள்.

இரண்டாம் வழி, நாமே கோபுரம் கட்டுவது. கேட்க மிகையாக இருக்கும், ஆனால் நடக்கிறது. ஆஸ்மோகாம் அனலாக் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. மென்பொருளால் இயங்கும் ரேடியோக் கருவி ஒன்றைக் கணினியோடு இணைத்தால், அது ஆம்ப்ஸ் கோபுரம்போலவும் பிரிட்டனின் டாக்ஸ், நார்டிக் நாடுகளின் என்எம்டி, ஜெர்மனியின் சி-நெட்ஸ் கோபுரங்கள்போலவும் நடந்துகொள்ளும். பத்திருபது வருடமாகச் சேவை தேடிக் களைத்த போன் அதைக் கோபுரம் என்றே நம்பி, கட்டுப்பாட்டுத் தடத்தைக் கேட்டு, அழைப்பு வந்தால் மணி அடிக்கும். மறுபாதி திரும்பக் கிடைப்பது இந்த வழியில்தான். இதற்கு நான் முழு ஆதரவு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆம்ப்ஸ் கோபுரம் 869 முதல் 894 மெகாஹெர்ட்ஸில் பேசும். போன் 824 முதல் 849இல் பதில் சொல்லும். இந்தியாவில் அது முன்பு சிடிஎம்ஏ போன்கள் ஓடிய இடம். இன்று ஜியோவின் 4ஜி ஓடும் இடம். உரிமம் இல்லாமல் அங்கே அலை பரப்புவது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தில் ஒருவர் அவசரமாக ஆம்புலன்சைக் கூப்பிடும்போது நம் விளையாட்டு குறுக்கே நிற்கலாம். ஆகவே ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, போனையும் ரேடியோக் கருவியையும் தக்க அட்டெனுவேட்டர்களோடு கேபிளில் இணையுங்கள். மூடிய உலோகப் பெட்டிக்குள் வைத்து நடத்துங்கள். பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் அலைக்காப்புப் பெட்டியும் விவரம் தெரிந்த ஆசிரியரும் இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். தொலைத்தொடர்பு படிக்கும் மாணவருக்கு, புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் பாடம் கண்முன்னே மணி அடிப்பதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது.

மூன்றாம் வழியைத்தான் இந்த மடலின் முக்கியச் செய்தியாக வைக்கிறேன். நம்மூரின் செங்கல் போன்களுக்கு மறுபாதி இன்னும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரில் ஜிஎஸ்எம் ஓடும் 2ஜி சேவையை நிறுத்தியது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2017 பிறந்த அன்று நிறுத்தியது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் நின்றது. இந்தியாவிலோ ஏர்டெல் தன் 3ஜியை மூடியபோதும் 2ஜியை விட்டுவைத்தது. வி நிறுவனமும் பிஎஸ்என்எல்லும் நடத்திவருகின்றன. பட்டன் போன் வைத்திருக்கும் கோடிக்கணக்கான மக்களால் அது நிற்கிறது. அவர்கள் தயவில், தொண்ணூறுகளின் ஜிஎஸ்எம் செங்கல் ஒன்று இன்றைக்கும் உண்மையான கோபுரத்தோடு உண்மையான அழைப்பைப் பேச முடியும். உலகின் பல நாடுகளில் இருக்கும் சேகரிப்பாளருக்கு இந்த வாய்ப்புப் போய்விட்டது. நமக்கு இருக்கிறது, நாமோ அமெரிக்க டைனாடேக்கின் ஓட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் தலைமுறை ஜிஎஸ்எம் போன்கள் 900 மெகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்கும். உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் 2ஜி 900இல் ஓடுகிறது, எது 1800இல் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஜியோ சிம் போட்டுவிட்டுப் போனைத் திட்ட வேண்டாம். அவர்களிடம் 2ஜியே இல்லை. 1992இல் வந்த நோக்கியா 1011, அதன் எடை 475 கிராம், ஏடிஎம் அட்டை அளவுள்ள முழு சிம்மைக் கேட்கும். புது சிம் முழு அட்டையில் ஒட்டி வந்தால் உடைக்காமல் அப்படியே செருகுங்கள். சின்னதாக வந்தால் அடாப்டர் தேடுங்கள். அப்படியும் 'சிம் இல்லை' என்று காட்டினால் போன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய போன்கள் சிம்முக்கு 5 வோல்ட் தருபவை; இப்போதைய சிம்களில் பல 3 வோல்ட்டுக்கும் 1.8 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. மேசை டிராயரில் கிடக்கும் பழைய சிம் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். நிறுவனம் மாற்றச் சொன்னாலும் அதைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் கறாராக இருங்கள். முப்பது வருடப் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது. அது கசிந்து காரம் பலகையை அரிக்கும்; கசிந்திருந்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். பழைய செல்களை எடுத்துவிட்டு, அதே எண்ணிக்கையில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போடலாம். இரண்டுக்கும் செல்லுக்கு 1.2 வோல்ட்தான். செல்லின் மேலேயே நேரடியாகச் சூடு வைத்து ஈயம் பற்றவைக்காமல், பட்டை வெல்டிங் செய்து தரச் சொல்லுங்கள். சார்ஜ் ஏற்றுவதைப் போனின் பழைய சார்ஜரில் செய்யாமல் தனியாகச் செய்யுங்கள். லித்தியம் செல்லைத் திணிக்கும் துணிச்சல் வேண்டாம். எடுத்த செல்களைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள், காட்மியம் நஞ்சு.

போன் உயிர் பெற்ற பிறகு செய்ய வேண்டியதுதான் இன்னும் முக்கியம். அந்தப் போனை ஒரு ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து வேறொரு எண்ணிலிருந்து அழையுங்கள். மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கரில் 'டிட்டிட்டிட் டிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். நம் வீட்டு டிவி, அலுவலகக் கணினி, மேடையில் இருந்த மைக் எல்லாம் ஒரு காலத்தில் இந்தச் சத்தத்தைப் போட்டன. மேடையில் பேசுபவர் நிறுத்திவிட்டு, யாருப்பா அது போனை ஆஃப் பண்ணுங்க என்று அதட்டியது அதைக் கேட்டுத்தான். முறை வைத்து ஒரு நொடிக்கு 217 தடவை அலையை விட்டுவிட்டு அனுப்புவதால் எழும் சத்தம் அது. தொடர்ந்து அலை விடும் அனலாக் செங்கல்லுக்கு அது கிடையாது. இன்றைய 4ஜி போனில் அதைக் கேட்க முடிவதில்லை. நம் ஊரின் ஒரு கால் நூற்றாண்டின் பின்னணிச் சத்தம் அது. நம்மில் எத்தனை பேர் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம்?

குறுஞ்செய்தியும் அப்படித்தான். உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் ஒரு கணினியிலிருந்து ஆர்பிடெல் 901 என்ற போனுக்குப் போனது. கிறிஸ்துமஸ் வாழ்த்து. அந்தப் போனின் எடை 2.1 கிலோ, அதிலிருந்து பதில் அனுப்ப வழியே கிடையாது. நம்முடைய பழைய ஜிஎஸ்எம் செங்கல்லுக்கு இன்று தமிழில் செய்தி அனுப்பினால் தடுமாறும். வங்கியின் ஓடிபி ஆங்கிலத்தில் வந்தால் பளிச்சென்று காட்டும். 1990களின் கருவிக்கு இன்றைய வங்கி கடவெண் அனுப்புகிறது என்பதே ஒரு பதிவுக்குரிய செய்திதான். அதைக் காணொளியாக எடுத்து வையுங்கள், எண்களை மறைத்துவிட்டு.

நண்பர்களே, என் வேண்டுகோள்களைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாங்கும் பணத்தில் ஒரு பங்கை மறுபாதிக்கு ஒதுக்குங்கள். கையேடு, சர்வீஸ் மேனுவல், பழைய பில், சிம் அட்டையின் உறை, கட்டண அட்டவணை எல்லாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. போனுக்குப் பேரம் பேசும் நேரத்தில் அவற்றையும் கேளுங்கள். 1995இல் சென்னையில் முதல் கோபுரங்களை ஏற்றிய தொழில்நுட்பர்கள், முதல் இணைப்புகளை விற்ற கடைக்காரர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். ஒரு போனுக்கு அலையும் அலைச்சலில் பாதியை அவர்களிடம் பேசுவதற்குச் செலவிடுங்கள். எந்த மொட்டை மாடியில் முதல் ஆன்டெனா வைத்தார்கள், எந்தத் தெருவில் சிக்னல் செத்தது, பில்லைப் பார்த்து யார் சண்டைக்கு வந்தார்கள் என்பதெல்லாம் எந்த ஏலத்திலும் வராது.

கொழும்பிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழ் நண்பர்கள் அனலாக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். அது அவர்கள் நேரில் கண்டது. இந்தியாவில் இருக்கும் நாம் 2ஜி பக்கத்தைப் பார்த்துக்கொள்வோம். மற்ற நாடுகளில் நடந்ததைப் பார்த்தால் இங்கும் ஒருநாள் அறிவிப்பு வரும், தேதி குறிப்பார்கள், கோபுரத்தில் ஒரு பெட்டி அணைக்கப்படும். அன்றிலிருந்து நம்முடைய ஜிஎஸ்எம் செங்கல்லும் டைனாடேக்கோடு சேர்ந்து பாதியாகிவிடும். அதற்கு முன்னால் உங்களிடம் இருப்பதில் ஓடக்கூடியது எது என்று கண்டுபிடித்து, பேட்டரி மாற்றி, சிம் போட்டு, எனக்கு வேண்டாம், நம் கூட்டத்தில் வேறு யாரையாவது கூப்பிடுங்கள். அந்த அழைப்பை இருமுனையிலும் பதிவு செய்யுங்கள்: தேதி, ஊர், எந்தப் போன், எந்த நிறுவனத்தின் சேவை, சத்தம் எப்படி இருந்தது. நாம் விட்டுப்போகும் சேகரிப்பில் முழுப் போன் என்று சொல்லத் தக்கது அந்தப் பதிவு ஒன்றாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் ஒருவன்